வாள் பயிற்றிய குடியில் ஒரு தூரிகை: தக்காஹாஷி யூயிச்சியின் வாழ்வும் ஓவியக் கல்விப் பணியும்

முன்னுரை

டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில், ஏறத்தாழ 140 செ.மீ. உயரமும் 46 செ.மீ. அகலமும் கொண்ட ஓவியம் ஒன்று உள்ளது. கயிற்றில் தொங்கும் உப்பிட்ட சால்மன் மீன் ஒன்றைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. மீனின் ஒரு பகுதி அரியப்பட்டுச் செந்தசையும் முள்ளும் தெரிகின்றன. தாளின்மேல் தைலவண்ணத்தால் 1877ஆம் ஆண்டளவில் தீட்டப்பட்ட இவ்வோவியம் இன்று ஜப்பானிய அரசால் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டுள்ளது. இதனைத் தீட்டிய தக்காஹாஷி யூயிச்சி (1828–1894), தலைமுறைகளாக வாட்பயிற்சி அளித்துவந்த சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர்.

ஜப்பானின் முதல் தைலவண்ண ஓவியர் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். இது முற்றிலும் பொருந்துவதன்று. ஷிபா கோக்கான் (1747–1818) போன்றோர் அவருக்கு இரண்டு தலைமுறை முன்னரே மேலை முறையில் தைலவண்ண ஓவியங்களைத் தீட்டியுள்ளனர். யூயிச்சியின் இடம் வேறு. ஓவியத்தை ஒரு பணியாக, நாட்டுக்குச் செலுத்த வேண்டிய கடமையாகக் கருதி, அதனைப் பிறருக்குக் கற்பிப்பதற்காகத் தம் வாழ்வின் பிற்பகுதியைச் செலவிட்டவர் அவர். இந்த மனப்பாங்கிற்கும் அவர் பிறந்த படைக்குடிக்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

குடும்பமும் தொடக்கக் கல்வியும்

யூயிச்சி, சானோ சிற்றரசின் ஏடோ நகர மாளிகையில் பிறந்தார். தந்தை இளமையிலேயே குடும்பத்தை விட்டு நீங்கியமையால் பாட்டனாரே அவரை வளர்த்தார். பாட்டனார் ஷின்காகே மரபின் வாள்வித்தையில் தேர்ந்தவர், சிற்றரசின் பயிற்றுநர். அப்பொறுப்பு வழிவழியாகப் பெயரனுக்கு வர வேண்டியது. உடல்வலிமை குன்றியவராக இருந்ததால் யூயிச்சி குடும்பத் தொழிலை விட்டு ஓவியத்தில் ஈடுபட இசைவு பெற்றார். சாமுராய்ச் சமூகத்தில் இதனை எளிய சலுகையாகக் கொள்ளுதல் இயலாது. குடியின் பெயரும் ஊதியமும் அப்பணியையே சார்ந்திருந்தன.

முதலில் அவர் பயின்றது, ஆட்சியாளர் ஆதரவு பெற்றிருந்த கானோ மரபு ஓவியம். 1850ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மேலைநாட்டுக் கல்லச்சுப் படம் ஒன்றைக் கண்டது அவர் வாழ்வைத் திருப்பியது. பொருள்களை உள்ளவாறே காட்டும் அதன் ஆற்றல் அவரை ஆட்கொண்டது. ஆயினும் அக்கலையைக் கற்பிப்பார் எவரும் இல்லை. ஷோகுன் அரசின் அயல்நூல் ஆய்வு நிறுவனத்தில் 1862இல் அவர் சேர்ந்தபோது அவருக்கு வயது 34.

இந்நிறுவனத்தின் தன்மை கருதத்தக்கது. அங்கு ஓவியம் அழகுக்கலையாகக் கருதப்படவில்லை. நிலப்படம் வரைதல், கருவிகளைப் படமாக்கல், அயல்நூல்களின் விளக்கப்படங்களைப் படியெடுத்தல் ஆகியவற்றுக்குரிய தொழில்நுட்பமாகவே அது பயிற்றப்பட்டது. அப்பிரிவில் முதன்மை பெற்றிருந்த கவகாமி தோகாய் பிற்காலத்தில் படைத்துறையின் நிலப்படப் பணியில் அமர்ந்தார். எனவே வாளைத் துறந்த யூயிச்சி, அரசின் பாதுகாப்புத் தேவையோடு இணைந்த வேறொரு பயிற்சிக்கூடத்திற்கே வந்து சேர்ந்தார் எனலாம்.

தைலவண்ணத்தை நூல்வழிக் கற்க இயலாது. எண்ணெயைக் கலக்கும் அளவையும் அடுக்கடுக்காகப் பூசும் முறையையும் கண்ணாற் கண்டே அறிய வேண்டும். ஆகவே 1866இல் யோக்கோஹாமாவில் வாழ்ந்த ஆங்கிலேயரான சார்ல்ஸ் வர்க்மனை நாடிச் சென்றார். வர்க்மன் இலண்டன் செய்தி இதழொன்றின் சித்திரச் செய்தியாளர். ஏடோவிலிருந்து யோக்கோஹாமாவுக்கு ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு, இருப்புப்பாதை வந்தது 1872இல்தான். நாற்பதை நெருங்கிய ஒரு சாமுராய், அயலவர் ஒருவரின் இல்லத்தில் மாணவராக அமர்ந்த காலம், அயலவர்மீது வாள் ஓங்கிய சாமுராய்கள் வாழ்ந்த காலமும் ஆகும்.

தென்காய்ஷா பள்ளி

மெய்ஜி அரசு 1871இல் சிற்றரசுகளை ஒழித்தது. 1876இல் சாமுராய்களின் பரம்பரை ஊதியமும் வாள் தரிக்கும் உரிமையும் நீங்கின. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட 1873இல் யூயிச்சி டோக்கியோவின் நிஹொன்பாஷிப் பகுதியில் தென்காய்ஷா என்னும் தனியார் ஓவியப் பள்ளியை நிறுவினார். அவர் பாட்டனாரும் பயிற்றுநரே. கற்பித்த பொருள்தான் மாறியது.

இதற்கு முந்திய ஆண்டில் தீட்டிய 'ஒய்ரான்' ஓவியம் அவருடைய நோக்கை நன்கு காட்டும். வழக்கொழிந்துவந்த கணிகையர் கூந்தல் ஒப்பனையைப் பதிவு செய்யும் பொருட்டு அது வரையப்பட்டது. மர அச்சுப் படங்களில் கணிகையர் முகம் ஒரே வார்ப்பில் அழகுபெற்றிருக்கும். யூயிச்சியோ களைப்புற்ற கண்களையும் சருமத்தின் மங்கலையும் அப்படியே தீட்டினார். தம் முகம் இதுவன்று என்று அப்பெண் அழுது சினந்ததாகக் கூறப்படுகிறது. அவருடைய சினத்தில் நியாயமுண்டு என்றே தோன்றுகிறது. உண்மையைக் காட்டுவேன் என்னும் ஓவியரின் உறுதியில், காட்டப்படுபவரின் விருப்பத்திற்கு இடமிருக்கவில்லை.

பள்ளியில் ஓவியங்களைக் காட்சிப்படுத்திப் பொதுமக்கள் காணச் செய்தார். 1876இல் அரசு தொடங்கிய தொழில்நுட்பக் கலைப்பள்ளிக்கு இத்தாலியிலிருந்து அந்தோனியோ ஃபொந்தனேசி வந்தபோது, ஐம்பதை நெருங்கிய யூயிச்சி அவரிடமும் சென்று கற்றார். சால்மன் ஓவியமும், அரிமனைமேல் மூவகைத் தோஃபுக் கட்டிகளைக் காட்டும் ஓவியமும் இக்காலத்தன. கல்லச்சுப் படத்தில் தாம் வியந்த ஆற்றலை எவரும் அறிந்த அன்றாட உணவில் மெய்ப்பித்துக் காட்டுவது ஆசிரியருக்குரிய உத்தி. ஓவியத்தை அறியாதவரும் தோஃபுவை அறிவர்.

பள்ளிக்குப் பொருள் திரட்டுவது இடையறாத போராட்டமாயிற்று. ஷிக்கொக்குத் தீவில் கடலோடிகள் போற்றும் கொத்தோஹிரா திருத்தலத்தில் 1879இல் நடைபெற்ற கண்காட்சிக்கு ஓவியங்களை அனுப்பி, அவற்றை அங்கேயே அளித்துப் பள்ளிக்கு உதவி பெற்றார். தோஃபு ஓவியம் உட்பட 27 ஓவியங்கள் இன்றும் அங்கு உள்ளன. 1881இல் சுருள்வடிவப் படிவழி கொண்ட ஓவியக் காட்சிமாடம் ஒன்றைத் திட்டமிட்டார். அது கட்டப்படவில்லை.

அரசுப் பணியும் எதிர்ப்பும்

வடகிழக்கு மாவட்டங்களின் ஆளுநரான மிஷிமா மிச்சித்சுனேயின் பணிகளை ஏற்றது யூயிச்சியின் வாழ்வில் எளிதில் கடந்துசெல்ல இயலாத பகுதி. மிஷிமா மலைகளைக் குடைந்து சாலைகள் அமைத்தவர். அதற்காக மக்களைக் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தியதால் 1882இல் ஃபுக்குஷிமாவில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தவர். யூயிச்சி 1881இல் குரிக்கோ மலைச் சுரங்கவழியைத் தீட்டினார். 1884இல் மூன்று மாவட்டங்களைச் சுற்றிப் புதிய சாலைகளை வரைந்தார். அவை 128 கல்லச்சுப் படங்களாக அடுத்த ஆண்டு வெளிவந்தன. கணிகையின் களைப்பைக் காணத் தவறாத கண், இங்கே உழைத்தோரின் துயரைப் பதிவு செய்யவில்லை. அரசுக்குப் பணிபுரிதலே கலையின் தகுதி என்னும் குடிவழிக் கருத்து அவருக்கு வலிமை தந்தது. அதன் எல்லையும் இங்கேயே வெளிப்படுகிறது.

அவர் நம்பிய அரசோ மெல்ல விலகியது. 1882இல் அமெரிக்கரான எர்னெஸ்ட் ஃபெனெலோசா, ஜப்பானிய மரபு ஓவியமே மேலானது என வாதிட்டார். அவ்வாண்டு அரசு நடத்திய ஓவியப் போட்டிக் கண்காட்சியில் மேலைமுறை ஓவியங்கள் விலக்கப்பட்டன. 1883இல் தொழில்நுட்பக் கலைப்பள்ளி மூடப்பட்டது. 1884இல் யூயிச்சியின் பள்ளியும் மூடப்பட்டது. அவரிடம் பயின்ற ஹராதா நவோஜிரோ அதே ஆண்டு மியூனிக் நகருக்குச் சென்றார். அவரும் படைத்துறை அறிஞர் ஒருவரின் மகனே.

1889இல் திறக்கப்பட்ட டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் தைலவண்ண ஓவியத்திற்குப் பிரிவே இல்லை. யூயிச்சி தம் வரலாற்றை மகன் கென்கிச்சியின் துணையோடு 1892இல் நூலாக்கினார். 1893இல், ஷிபா கோக்கான் முதலாகத் தம் ஆசிரியர்கள் வரையிலானோரை நினைவுகூரும் மேலைமுறை ஓவிய வரலாற்றுக் கண்காட்சி ஒன்றையும் நடத்தினார். 1894 ஜூலை 6ஆம் நாள் மறைந்தார். நுண்கலைப் பள்ளியில் மேலைமுறை ஓவியப் பிரிவு தொடங்கப்பட்டது 1896இல். சால்மன், ஒய்ரான் ஆகிய இரு ஓவியங்களும் அப்பள்ளியின் வழிவந்த பல்கலைக்கழகத்தில்தான் இன்று உள்ளன.