தோலுக்கு ஒரு நம்பர்

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்த்திருக்கிறீர்களா? திரும்பின பக்கமெல்லாம் கற்பூரம் எரியும். அந்தக் கூட்டத்தில் ஒரு புடவை முந்தானை பற்றிக்கொண்டால்? நினைக்கவே பதறுகிறது. வெந்துபோன தோலுக்கு மாற்றுத் தோல் எங்கே கிடைக்கும்? அதற்கு பில் எப்படிப் போடுவார்கள்?

பெரிய தீக்காயத்தில் ஆளைக் கொல்வது நெருப்பு மட்டுமல்ல. தோல் என்ற மூடி போனதும் உடம்பின் நீர் வெளியேறும், கிருமி உள்ளே புகும். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம்தான். ஆனால், பாதி உடம்பு வெந்தவரிடம் எடுக்க என்ன மிச்சமிருக்கும்?

பாஸ்டனில் ஜான் பர்க் என்ற சர்ஜனும், எம்.ஐ.டி. பேராசிரியர் யானஸும் விடை கண்டார்கள். மாட்டின் கொலாஜன், சுறாவின் குருத்தெலும்புச் சத்து, மேலே ஒரு சிலிக்கோன் படலம்... செயற்கைத் தோல் ரெடி! 1981-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். 1996-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

அப்புறம்தான் வந்தது வினை. அமெரிக்க அரசின் 'மெடிகேர்' காப்பீட்டில் பெரும்பாலான மாற்றுத் தோல்களுக்கு 'கியூ'வில் தொடங்கும் தனி நம்பர். சதுர சென்டிமீட்டர் கணக்கில் பணம். விலை ஏற ஏற, ஒட்டுகிறவருக்கும் லாபம். விளைவு? 2019-ல் சுமார் 25 கோடி டாலராக இருந்த செலவு, 2024-ல் ஆயிரம் கோடி டாலரைத் தாண்டியது. அரசு விழித்துக்கொண்டு, 2026 ஜனவரி முதல் பெரும்பாலான சரக்குகளுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 127 டாலர் என ஒரே ரேட் வைத்துவிட்டது.

நம்மூரில்? 1948-ல் தொடங்கிய அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம், செருப்புத் தோலோடு நிற்காமல், காயத்துக்கான கொலாஜன் கட்டுகளையும் உருவாக்கியது. பணத்துக்கு 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்தது. அந்த மத்தியப் பட்டியலில் 40 சதவிகிதம் வரை தீக்காயத்துக்கு 40,000 ரூபாய். 60-க்கு மேல் போனால் 80,000. தோல் ஒட்டுவது, கட்டு மாற்றுவது எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு இட்லிக்கும் பில். இங்கே அளவுச் சாப்பாடு. அங்கே தேவையில்லாமல் ஒட்டும் ஆசை வரும். இங்கே தேவையானதையும் குறைக்கும் ஆசை வரலாம். அதனால், உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படியொரு நேரம் வந்தால், காப்பீட்டு கவுன்ட்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த பேக்கேஜில் சேர்த்திருக்கிறீர்கள்? கொலாஜன் கட்டு அதில் அடக்கமா?

கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த நம்பர் உதவும்.