தென்னார்க்காடு மாவட்டத்தில் முதல் பொதுத்தேர்தல் (1952)

இன்றைய விழுப்புரம், திண்டிவனம், கடலூர் உள்ளிட்ட பகுதிகளைக் கொண்டிருந்த அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை என்னும் அடிப்படையில் நடந்த முதல் தேர்தல்.

பின்னணி: ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வித் தகுதி உடையோருக்கே வாக்குரிமை இருந்தது. இம்மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராக (முதலமைச்சராக) இருந்தார்.

நடைமுறை: எழுத்தறியாதோர் மிகுந்திருந்ததால், வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பட்டது. வாக்காளர் சீட்டில் முத்திரையிடாமல், விரும்பிய பெட்டியில் அதைப் போட்டனர். திண்டிவனம் மக்களவைத் தொகுதி, பொது உறுப்பினர் ஒருவரும் பட்டியல் சாதி உறுப்பினர் ஒருவருமாக இருவரைத் தேர்ந்தெடுத்தது.

முடிவுகள்: எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் 1951இல் தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, வன்னியர் ஆதரவுடன் சட்டமன்றத்தில் 19, மக்களவையில் 4 இடங்களை வென்றது. திண்டிவனத்தின் இரு மக்களவை இடங்களும் அவற்றில் அடங்கும். 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரசு 152 இடங்களே பெற்றது.

விளைவுகள்: பெரும்பான்மையின்மை, கட்சித் தாவல், சாதிவழி அணிதிரட்சி ஆகியவை புதிய மக்களாட்சியின் தொடக்கச் சிக்கல்களாயின. சிறு கட்சிகள், சுயேச்சைகள் ஆதரவுடன் காங்கிரசின் இராசாசி ஆட்சியமைத்தார். 1954இல், இராசாசிக்குப் பின் முதலமைச்சரான காமராசரின் அமைச்சரவையில் படையாட்சியார் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சி கலைக்கப்பட்டது.