காற்றுக்கு ஒரு வழி

2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி, 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் சவூதி அரேபிய நிதியுதவியோடு கட்டிமுடிக்கப்பட்டுத் திறந்துவைக்கப்படும் வரையில், தம்பலகாமக் குடா கொட்டியாரக் குடாவோடு கலக்கும் அந்த நீர்ப்பரப்பைக் கடந்து திருகோணமலை செல்ல விரும்பிய மனிதரும் வண்டிகளும் துறையடியில் காத்திருந்து, படகுப்பாதையில் ஏறியே அக்கரை சேர வேண்டியிருந்தது. மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் நெடுவீதியில் கங்கை, உப்பாறு, இறால்குழி முதலிய இடங்களிலும் இத்தகைய துறைகள் இருந்தமையால், அவ்வீதியிற் பிரயாணஞ் செய்த சாரதிக்கு வண்டியை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அதனை நிறுத்தி வைக்கவும் தெரிந்திருக்க வேண்டியதாயிற்று. நிறுத்திய வண்டியைக் காப்பதென்பது பெரும்பாலும் அதன் யந்திரத்தின் உஷ்ணத்தைத் தணிக்கும் ஜலத்தைக் காப்பதே.

ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தைவிட, ஓடி நின்ற யந்திரம் சற்றுநேரம் அதிகமாகக் கொதிக்கும் என்பது பலருக்கு வியப்பாகத் தோன்றலாம். யந்திரம் ஓடும்பொழுது பம்பு நீரைச் சுழற்றுகிறது; எதிர்க்காற்றும் விசிறியும் ரேடியேற்றரில் அந்நீரைக் குளிரச் செய்கின்றன. யந்திரத்தை நிறுத்தியதும் பம்பும் விசிறியும் ஒருங்கே நின்றுவிட, உலோகத்துக்குள் தேங்கிய உஷ்ணம் முழுவதும் அசையாது நிற்கும் நீருக்குள் இறங்கி, அதனைக் கொதிநிலைக்குத் தள்ளுகிறது. உச்சி வெயிலில் நெடுந்தூரம் ஓடிவந்து துறையில் திடீரென நிறுத்தப்படும் பழைய வண்டி ஆவி கக்குவதன் காரணம் இதுவே. படகு கரை தட்டிவிட்டதென்ற பரபரப்பில், உள்ளிருக்கும் ஆவி அடங்குமுன்னரே நீரை ஊற்றி மூடிவிட்டுப் புறப்படுபவர், நீரோடு காற்றையும் சேர்த்தே உள்ளே அடைத்துவிடுகிறார். அந்தக் காற்று அடுத்த ஊரைத் தாண்டுமுன் தன் வேலையைக் காட்டிவிடும்.

மோட்டார் வண்டியின் ஆதிகாலத்தில் இந்தக் கஷ்டம் இருக்கவில்லை. 1886ஆம் ஆண்டு கார்ல் பென்ஸ் ஜெர்மனியிற் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், நீர் கொதித்து ஆவியாகப் போவதே குளிர்விக்கும் முறையாக இருந்தது. 1888இல் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ், தம் இரு புதல்வரோடு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு அவ்வகை வண்டியிற் சென்றபொழுது, வழிநெடுகிலும் நீர் தேடி வார்த்துக்கொண்டே செல்ல நேர்ந்தது. நீர் செலவானது, ஆனால் காற்று சிறைப்படவில்லை. 1900இல் வில்ஹெல்ம் மேபாக் 8,000க்கு மேற்பட்ட சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேற்றரை அமைத்த பின்னர், கொஞ்ச நீரே திரும்பத் திரும்பச் சுழன்று பெரிய யந்திரத்தையும் காக்கும் நிலை பிறந்தது. 1908இல் வெளிவரத் தொடங்கிய ஃபோர்ட் ‘ரி’ வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பம்பே இல்லை. சுடுநீர் மேலெழவும் குளிர்நீர் கீழிறங்கவுமான இயற்கை நியதியாலேயே நீர் சுழன்றது. அவற்றில் நீர்மட்டம் மேற்குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால், சுழற்சி அறுந்துபோகும். காற்றுக்கும் யந்திரத்துக்குமுள்ள பகைமை அங்கேயே புலப்பட்டுவிட்டது.

அதனை முற்றச் செய்தது அழுத்த மூடி. திறந்த பாத்திரத்தில் 100 பாகையிற் கொதிக்கும் தூயநீர், வளிமண்டல அழுத்தத்தின் இருமடங்கில் ஏறத்தாழ 120 பாகை வரை கொதியாது நிற்கும் என்ற பௌதிக உண்மையைக் கொண்டு, வில்லால் இறுகப் பிடிக்கும் மூடியை ரேடியேற்றரின் வாயிற் பொருத்தினார்கள். 1961இல் வந்த ரெனோ 4 போன்ற வண்டிகள், ததும்பும் நீரை ஒரு பாத்திரத்திற் பிடித்துக் குளிர்ந்தபின் தாமே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் மூடிய அமைப்பைச் சாதாரண மக்களுக்கும் கொண்டுவந்தன. யந்திரத்துக்கு இது பேருபகாரம். ஆயினும் நீர் வெளியே போகாதபடி வாய் அடைபட்டபொழுது, உள்ளே புகுந்த காற்றுக்கும் போக்கிடம் இல்லாமற் போயிற்று.

இலங்கையில் 1977இன் பின் இறக்குமதி தாராளமாகி, ஜப்பானிய வான்கள் ஊர்தோறும் வந்து சேர்ந்தபொழுது இச்சிக்கல் மேலும் வளர்ந்தது. அவ்வான்கள் பலவற்றில் யந்திரம் முன்னாசனத்தின் அடியில் இருக்கும். நீர்க்குழாய்கள் ஏறியும் இறங்கியும் வளைந்தும் செல்லும். போதாக்குறைக்கு, பனிக்கால நாட்டுக்கென அமைந்த சூடேற்றும் பெட்டியும் உள்ளே இருக்கும். நமக்கு ஒருநாளும் வேண்டாத அந்தப் பெட்டியின் மேல்வளைவே காற்று ஒளிந்துகொள்ள மிகவும் வசதியான இடம். காற்று தங்கிய இடத்தில் உலோகம் நீரைத் தொடுவதில்லை. உஷ்ணமானியின் முனை காற்றிலே நின்றால், உள்ளே யந்திரம் எரிந்துகொண்டிருக்க முள் மட்டும் சாதுவாகக் கீழே கிடக்கும். அலுமினியத் தலைப்பகுதி வளைந்து, இடைத்தகடு கருகிய பின்னரே உண்மை வெளிப்படும்.

“எயார் புடிச்சிருக்கு” என்று கராஜில் சொல்லும் இந்நோய்க்குரிய வைத்தியத்தை அருகில் நின்று பார்த்தால், அதன் நுட்பம் விளங்கும். தேர்ந்த பாஸ் முதலில் வண்டியை நன்றாக ஆறவிடுவார்; சூட்டோடு மூடியைத் திறப்பது முகத்தில் கொதிநீரை வாரி இறைப்பதற்குச் சமானம் என்பது அவருக்குத் தெரியும். வண்டியின் முன்புறத்தை உயர்த்தி, ரேடியேற்றரின் வாயே முழு அமைப்பிலும் மிக உயர்ந்த இடமாகும்படி செய்வார். சூடேற்றியின் பிடியை முழுவதும் திறந்து வைப்பார். பின்னர் நூலிழைபோல் மெல்லிய தாரையாக நீரை வார்த்து, மேற்குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விடுவார். வாயில் ஒவ்வொரு குமிழியாக வந்து உடையும். யந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, 80 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் தேர்மோஸ்டற் திறந்தவுடன் நீர்மட்டம் சட்டென்று தாழ்வதைக் கண்டு, மீண்டும் நிரப்புவார். காற்றுத் திருகாணி இருக்குமாயின், குமிழியற்ற நீர் வழியும்வரை அதனைத் திறந்து வைப்பார். மறுபடி ஆறவிட்டு மட்டம் பார்த்த பின்னரே வண்டி அவர் கையை விட்டு நீங்கும்.

தேர்மோஸ்டற்றைக் கழற்றி எறிந்துவிட்டால் தொல்லை தீரும் என்றொரு வழக்கமும் நம் வெப்பநாட்டிற் பரவியுள்ளது. அது தவறு. யந்திரம் உரிய சூட்டை அடையாது எண்ணெய் வீணாகும்; சில வண்டிகளில் நீர் ரேடியேற்றருக்குச் செல்லாமலே குறுக்குவழியிற் சுற்றிவந்து, சூடு இன்னும் ஏறும். அவ்வாறே, கடலும் களப்பும் சூழ்ந்த கிண்ணியா போன்ற பிரதேசத்தில் கைக்கெட்டிய உவர்நீரை வார்ப்பதும் கேடே. உப்பு உலோகத்தை அரித்துக் குழாய்களை அடைக்கும். காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ட் கலந்து வார்ப்பது குளிர்நாட்டாரின் ஆடம்பரம் என்று எண்ணலாகாது. அது உறைவைத் தடுப்பதோடு துருவையும் தடுக்கிறது.

இவ்வளவு சிரத்தை வேண்டும் இக்காரியம், ‘தண்ணீர் ஊற்றுவதுதானே’ என்ற எண்ணத்தால், கராஜுக்கு நேற்று வந்த பையனிடமே பெரும்பாலும் ஒப்படைக்கப்படுகிறது. அவனிடம் கொடுப்பதிற் பிழையில்லை. காரணத்தைச் சொல்லாமற் கொடுப்பதே பிழை. காற்று நீரைவிட இலேசானது, அது மேலே போகவே விரும்புகிறது, அதற்கு வழிவிட்டுப் பொறுத்திருப்பதே நம் வேலை என்று அவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாஸ், ஒரு வண்டியை மாத்திரமன்றி ஒரு தொழிலையே காப்பாற்றுகிறார்.