வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்

பாடசாலையில் முதலாம் உலக யுத்தத்தைப் படித்தபோது தளபதிகளின் பெயர்களைத்தான் மனனம் செய்தோம். எல்சி இங்லிஸ் என்ற பெயரை நான் அறிந்தது வைத்தியரான பின்னரே.

எடின்பரோ வைத்தியரான அவர், 1914 இல் பெண்களே நடத்தும் வைத்தியசாலைகளை அமைத்துத் தருவதாகப் பிரித்தானிய யுத்த அலுவலகத்திடம் கூறினார். வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கும்படி பதில் கிடைத்ததாம். அவர் சும்மா இருக்கவில்லை. வாக்குரிமைக்குப் போராடிய பெண்கள் பணம் திரட்ட, ‘ஸ்கொட்லாந்துப் பெண்கள் வைத்தியசாலைகள்’ உருவாகின. பிரான்சும் சேர்பியாவும் அவற்றை வரவேற்றன.

பாரிஸுக்கு வடக்கே ருவாயோமோன் என்ற பழைய மடாலயத்தில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் பெண்கள், காயப்பட்டோரைப் படிகளில் தூக்கிச் சென்றவர்களும் பெண்கள். அன்று பென்சிலின் இல்லை. சேற்றுக் காயங்களில் ‘காஸ் காங்கிரீன்’ எனும் தசையழுகல் மணித்தியாலக் கணக்கில் பரவும். காயத்தை அகலத் திறந்து, இறந்த தசையை அகற்றி, எக்ஸ்-கதிர்ப் படத்தில் வாயுவைத் தேடினார்கள். இன்றும் கத்தியெடுக்கும் எவருக்கும் அந்த அவசரம் விளங்கும். 1919 வரை 10,000 பேருக்கு மேல் அங்கே சிகிச்சை பெற்றனர்.

இங்லிஸ் சேர்பியாவில் சிறைப்பட்டு மீண்டு, ரஷ்யாவிலும் பணியாற்றி, 1917 நவம்பரில் நாடு திரும்பிய மறுநாளே காலமானார்.

யுத்தகாலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட லண்டன் மருத்துவக் கல்லூரிகள் சில, 1920களில் மீண்டும் கதவைச் சாத்திக்கொண்டன.