இடது மேலே, வலது கீழே: ஒரு கிமோனோவின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்காருங்கள்.

போன மாதம் என் பெண்ணின் ஜப்பானிய மொழி வகுப்பில் ஒரு சின்ன விழா. புனேயில் ஜப்பானிய மொழி படிக்கிறவர்கள் அதிகம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு யுகாதா கட்டிவிட்டது தங்கமணிதான். யுகாதா என்றால் கோடையில் உடுத்தும் பருத்திக் கிமோனோ. "நான் கட்டாத புடவையா?" என்ற தைரியத்தில் இரண்டு பக்கத்தையும் இழுத்து, வலப்பக்கத்தை மேலே வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார். வாசலிலேயே ஆசிரியை ஓடி வந்தாராம். அவிழ்த்து, இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து கட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாராம்: "வலது மேலே வைப்பது இறந்தவர்களுக்கு மட்டும்தான்."

தங்கமணிக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. பெண்ணுக்கோ வேறு கவலை. "ஏன்ப்பா, இவ்வளவு அழகா இருக்கு, ஆனா டோக்கியோ தெருவுல தினசரி யாரும் இதைப் போடறதில்லையாமே, ஏன்?"

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு எந்த வரலாறும் கணக்கு வழியாகத்தான் புரியும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு துணி

முதலில் அந்த இடது-வலது விஷயம். கி.பி. 719-லேயே, எல்லோரும் இடப்பக்கத்தை மேலே வைத்துத்தான் உடுத்த வேண்டும் என்று அரசாணை போட்டிருக்கிறார்கள். சீனாவைப் பார்த்து வந்த வழக்கம். ஆயிரத்து முந்நூறு வருடமாக அந்த ஆணையை யாரும் ரத்து செய்யவில்லை!

கிமோனோ என்ற சொல்லுக்கு 'உடுத்தும் பொருள்' என்றுதான் அர்த்தம். ஹெய்யன் காலத்தில் (794-1185) அரண்மனைப் பெண்கள் அடுக்கடுக்காக அங்கி போட்டார்கள். 'பன்னிரண்டு அடுக்கு' என்றே அதற்குப் பெயர். கழுத்திலும் கைமுனையிலும் தெரியும் நிறங்களின் வரிசையை வைத்தே ஒரு பெண்ணின் ரசனையை எடை போட்டார்கள். அந்த அடுக்குகளுக்கு உள்ளே போட்ட எளிய அங்கி, கொசொதே. பின்னாளில் அது வெளியே வந்தது. இன்றைய கிமோனோவுக்குப் பாட்டி அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் தையல் கணக்கு. சுமார் 36 முதல் 38 செ.மீ. அகலம், 12 மீட்டர் நீளம் உள்ள ஒரே சுருள் துணி. எல்லாம் நேர்வெட்டு, வளைவே கிடையாது. கைக்கு இரண்டு, உடம்புக்கு இரண்டு, முன்பக்கச் சேர்ப்புக்கு இரண்டு, கழுத்துப்பட்டிக்கு இரண்டு என்று எட்டுத் துண்டுகள். வீணாகும் துணி ஏறக்குறைய பூஜ்யம். அழுக்கானால் தையலைப் பிரித்து, துண்டுகளைச் சேர்த்து மறுபடி நீளத் துணியாக்கி, துவைத்து, விறைப்பாக விரித்துக் காயவைத்து, திரும்பத் தைப்பார்கள். குட்டையோ நெட்டையோ, இடுப்பில் மடித்துவிட்டால் சரியாகிவிடும். அம்மாவின் கிமோனோ மகளுக்கு ஆகும். நைந்தால் குழந்தைக்குச் சட்டை, பிறகு மெத்தை உறை, கடைசியில் தரை துடைக்க. நம் வீட்டில் பழைய புடவைக்கு நடப்பதேதான்!

பணம் வந்தால் சட்டமும் வரும்

எதோ காலத்தில் (1603-1868) வியாபாரிகள் கையில் காசு புரண்டது. சமூக வரிசையில் அவர்கள் கடைசி. அவர்கள் வீட்டுப் பெண்கள் சாமுராய் வீட்டுப் பெண்களைவிடப் பளபளப்பாக உடுத்தினால் ஆட்சியாளர்களுக்குப் பொறுக்குமா? 1683-ல் பெண்கள் உடையில் தங்க இழை, எம்பிராய்டரி, முழுக்க முடிச்சுச் சாயமிட்ட துணி எல்லாவற்றுக்கும் தடை. மக்கள் சும்மா இருப்பார்களா? வெளியே பழுப்பும் சாம்பலுமாக அடக்கமாக உடுத்திக்கொண்டு, உள் லைனிங்கில் விலையுயர்ந்த பட்டை வைத்துத் தைத்தார்கள். துணியில் நேரடியாக ஓவியம் போல வரைந்து சாயமிடும் யூசென் முறை செழித்ததும் இதே காலத்தில்தான். (வருமான வரிச் சலுகை ஒன்றை மூடினால் இன்னொன்று முளைப்பதைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியமில்லை, ஹி ஹி.)

இந்த இடத்தில் சென்னைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஜப்பான் கதவை மூடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நாகசாகியில் டச்சுக் கப்பல்களுக்கு மட்டும் ஐரோப்பிய வியாபாரத்துக்கு அனுமதி இருந்தது. அவற்றில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளும் போயின. கோடு போட்ட ஒரு வகைக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சந்தோமே'. நம்ம மயிலாப்பூர் சாந்தோம்தான்! போர்த்துகீசியர் வைத்த சாவ் தோமே என்ற பெயர் துணியோடு கப்பலேறியிருக்கிறது. பிறகு அவர்களே அதைப் பார்த்து நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள்; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நம் கரையின் நெசவாளர் யாரும் இதை அறிந்திருக்க மாட்டார்.

ஆணுக்கு ஒரு நியாயம்

1868-ல் மெய்ஜி ஆட்சி வந்தது. மேல்நாட்டாருக்குச் சமமாக நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மாற்றினார்கள். 1871-ல் ஆண்கள் குடுமியை வெட்டிக்கொள்ளலாம் என்று ஆணை. அதைப் பார்த்துச் சில பெண்களும் முடியைக் குட்டையாக வெட்டினார்கள். உடனே 1872-ல் டோக்கியோவில் பெண்கள் முடி வெட்டத் தடை! அதே 1872-ல் அரசாங்க விழாக்களில் ஆண்களுக்கு மேல்நாட்டு உடை. நாட்டை நவீனமாக்குவது ஆண்கள் பொறுப்பு, பழமையைக் காப்பது பெண்கள் பொறுப்பு என்று பிரித்துவிட்டார்கள். கேட்ட மாதிரி இருக்கிறதா?

அரண்மனையில் மட்டும் கதை வேறு. பேரரசி ஷோகென் 1873-ல் பல்லுக்குக் கறுப்பு பூசும் பழைய வழக்கத்தை விட்டார். 1886-ல் மேல்நாட்டு உடையில் வெளியே வந்தார். 1887-ல் பெண்களுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பழங்கால ஜப்பானியப் பெண்களும் மேலாடை, கீழாடை என்று இரண்டாகத்தான் உடுத்தினார்கள், ஆகவே மேல்நாட்டு உடை நமக்கு அந்நியமில்லை என்பது அவர் வாதம். கூடவே ஒரு நிபந்தனை: துணி உள்நாட்டுத் துணியாக இருக்கட்டும். நல்ல நிதி அமைச்சர் போலத்தான் யோசித்திருக்கிறார்!

ஆனால் கவுன் வாங்க எத்தனை பேரால் முடியும்? 1925-ல் கோன் வாஜிரோ என்பவர் டோக்கியோவின் கின்சா வீதியில் நின்று, போகிற வருகிறவர்களின் உடையை எண்ணிப் பதிவு செய்தார். ஆண்களில் நூற்றுக்கு 67 பேர் மேல்நாட்டு உடையில். பெண்களில் நூற்றுக்கு 1. 'மொகா' (நவநாகரிகப் பெண்) என்று குட்டை முடிப் பெண்களைப் பற்றிப் பத்திரிகைகள் போட்ட கூச்சலுக்குக் காரணம் அந்த ஒன்றுதான்! மற்ற 99 பேரும் பழமையில் உறைந்துபோனவர்கள் இல்லை. மெய்சென் என்ற மலிவுப் பட்டில் பெரிய பெரிய பூவும் கட்டமுமாகக் கிமோனோ உடுத்தி ஆபீசுக்கும் கடைக்கும் போனார்கள். அன்றைக்குக் கிமோனோவே ஃபேஷன்தான்.

1932 டிசம்பர் 16-ல் டோக்கியோவில் ஷிரோகியா பல்பொருள் அங்காடியில் தீ. 14 பேர் இறந்தார்கள். கயிற்றில் இறங்கிய பெண்கள், காற்றில் கிமோனோ விலகுகிறதே என்று கூச்சப்பட்டு ஒரு கையால் அதைப் பிடித்ததால் விழுந்தார்கள், அதற்குப் பிறகுதான் மேல்நாட்டு உள்ளாடை பரவியது என்று ஒரு கதை வெகுகாலம் சொல்லப்பட்டது. இனோவே ஷோயிச்சி என்ற ஆய்வாளர் பின்னாளில் இந்தக் கதையைக் கேள்விக்கு உட்படுத்தினார். தீயில் செத்தவர்கள் மீது 'நாணத்தால் செத்தார்கள்' என்று ஏற்றிச் சொன்னதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கிமோனோவை விற்று அரிசி

மாற்றத்தைக் கொண்டுவந்தது ஃபேஷன் இல்லை, யுத்தம். 1940 ஜூலை 7-ல் ஆடம்பரப் பொருள்களுக்குத் தடை. 'ஆடம்பரமே எதிரி' என்று தெருவெல்லாம் பலகை. நல்ல கிமோனோ உடுத்தி வந்த பெண்களைத் தெருவிலேயே கண்டித்தார்கள். கிராமத்துப் பெண்கள் வயலில் போடும் 'மோம்பே' என்ற தொளதொளக் கால்சட்டை எல்லோருக்குமானது. இருந்த கிமோனோக்களை வெட்டியே பலர் மோம்பே தைத்தார்கள்.

1945-ல் தோல்வி. ரேஷன் போதவில்லை. நகரத்துப் பெண்கள் பெட்டியிலிருந்த கல்யாணக் கிமோனோக்களை எடுத்துக்கொண்டு, நெரிசல் ரயிலில் கிராமத்துக்குப் போய், விவசாயிகளிடம் கொடுத்து அரிசியும் கிழங்கும் வாங்கி வந்தார்கள். இதற்கு 'மூங்கில் குருத்து வாழ்க்கை' என்று பெயர். குருத்தை மட்டை மட்டையாக உரிப்பது போல, உடுப்பை ஒவ்வொன்றாக உரித்துச் சாப்பிட்ட வாழ்க்கை. நகைக்கடன் வாங்க வளையலைக் கழற்றி வைக்கும் பெண்களின் முகத்தைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான். இந்த வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அதன்பின் தையல் மெஷின் காலம். ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் பள்ளிகளில் சேர்ந்தார்கள். கவுனும் ரவிக்கையும் வீட்டிலேயே தைத்தார்கள், சம்பாதித்தார்கள். தினசரி உடை ஒரே தலைமுறையில் மாறிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. ஜப்பானியப் பெண்கள் மேல்நாட்டு உடைக்கு மாறிய பிறகு, ஜப்பானிய வடிவமைப்பாளர்கள் மேல்நாட்டுக்கே உடை தைக்கப் போனார்கள். ஹனாயே மோரி 1965-ல் நியூயார்க்கில் காட்சி வைத்தார், 1977-ல் பாரிஸின் மிக உயர்ந்த தையல் சங்கத்தில் இடம் பெற்றார். கென்சோ 1970-ல் பாரிஸில் கடை திறந்தார். ரெய் கவாகுபோவும் யோஜி யாமமோத்தோவும் 1981-ல் கறுப்பும் கிழிசலுமான தொளதொள உடைகளோடு போய் பாரிஸைத் திகைக்க வைத்தார்கள். இஸ்ஸே மியாகே 'ஒரே துணி' என்பதையே தன் கொள்கையாக வைத்தார். அந்த 12 மீட்டர் சுருளை யாரும் மறக்கவில்லை.

உடைச் சண்டை இன்றும் ஓயவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் குதிகால் செருப்பு போட்டே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்துக்கு எதிராக 2019-ல் யூமி இஷிகாவா இயக்கம் நடத்தினார். 18,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு அரசாங்கத்திடம் மனு போனது.

பெண்ணின் கேள்விக்குப் பதில்

தினசரி உடை என்ற இடம் போனதும், கிமோனோவுக்கு விசேஷ உடை என்ற இடம் மட்டும் மிஞ்சியது. விலை ஏறியது. எந்த மாதத்துக்கு எந்தப் பூ, கல்யாணமாகாதவளுக்கு நீளக் கை, ஆனவளுக்குக் குட்டைக் கை என்று பழைய விதிகள் எல்லாம் பாடமாயின. அம்மாவிடம் பார்த்துக் கற்றதை, காசு கொடுத்து வகுப்பில் கற்கும்படி ஆனது. ஜனவரி இரண்டாவது திங்களன்று வயது வந்தோர் நாளில் இளம்பெண்கள் நீளக்கைக் கிமோனோவில் ஜொலிப்பார்கள். பெரும்பாலும் வாடகை உடை, கட்டிவிடுவது அழகு நிலையம். பாட்டியின் கிமோனோவோ பெட்டியில் காகிதம் சுற்றித் தூங்குகிறது. நல்ல வேளையாக, அவற்றைப் பழைய துணிக்கடையில் மலிவாக வாங்கி, பூட்ஸோடும் தொப்பியோடும் இஷ்டத்துக்கு உடுத்தும் இளம்பெண்களும் இப்போது இருக்கிறார்கள். தப்பாக உடுத்தினாலும் பரவாயில்லை, உடுத்துகிறார்களே!

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் என் பெண் கேட்டாள்: "அப்போ நம்ம வீட்ல?" தங்கமணி ஆபீசுக்குச் சுடிதார்தான். பெண்ணுக்கு மடிப்பு வைத்துத் தைத்த ரெடிமேட் புடவை ஒன்று இருக்கிறது, ஜிப் போட்டால் முடிந்தது. அம்மாவின் ஆரணிப் பட்டு அலமாரியில் வேட்டித் துணி சுற்றி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வைப்பதோடு சரி.

போன ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்தோம். விசேஷம் ஒன்றும் இல்லை, சும்மாதான். கொசுவம் மூன்று தடவை அவிழ்ந்தது. நாலாவது தடவை, கோணலாக, அவளே கட்டிக்கொண்டாள். அப்படியே கீழே போய் பால் வாங்கி வந்தாள். ஊரிலிருந்து வீடியோ காலில் பார்த்த அம்மா, "தலைப்பு நீளம் போதலைடி" என்றார். திருத்தச் சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன தூங்குகிறது? எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.