புழுங்கலரிசி புகட்டும் பாடம்

பிழைப்பின் பொருட்டுத் தாய்நாட்டை விட்டு வேற்று மாநிலத்திற் குடியேறும் தமிழ்க் குடும்பம், வீடு ஒன்று அமைந்தவுடன் முதலில் விசாரிப்பது அரிசிக் கடையைத்தான். பச்சரிசி கிடைக்குமா, புழுங்கலரிசி கிடைக்குமா, இட்லிக்கு எது, சோற்றுக்கு எது என்று கேட்டறிந்த பிறகே மனம் அமைதி கொள்ளும். அவ்வாறு கேட்கும்பொழுது நாம் கருதுவன சுவை, மணம், நிறம், விலை ஆகிய நான்குமே. அரிசியின் வகைக்கும் உடல்நலத்திற்கும் தொடர்பு உண்டா என்று எண்ணுவோர் சிலரே. ஆனால், ஒரு காலத்தில் கீழ்த்திசை நாடுகளிற் பல்லாயிரம் மக்களின் உயிர் இந்த ஒரு தேர்வையே பொறுத்திருந்தது. தமிழ்த் தொழிலாளரும் பங்குகொண்ட அந்த வரலாற்றை நம் காலனிக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

நெல்லின் மேலே உமி, உமிக்குள்ளே தவிடு, தவிட்டோடு ஒட்டி ஒரு முனையில் சிறு முளைக்கரு, இவற்றின் நடுவே வெண்மையான மாப்பொருள். நெல்லை அப்படியே காயவைத்துக் குத்தினாற் பச்சரிசி. அதனை நீரில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் உலர்த்திய பின்னர்க் குத்தினாற் புழுங்கலரிசி. உரலும் உலக்கையும் ஆண்ட காலத்தில் இவ்விரண்டிற்கும் இடையே பெரிய கேடு ஒன்றும் விளையவில்லை. எவ்வளவு குத்தினாலும் தவிட்டின் ஒரு பகுதி அரிசியிலேயே தங்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் வந்தன. தவிட்டையும் முளையையும் முற்றிலும் நீக்கி, முத்துப்போல் வெளுத்த அரிசியை மூட்டை மூட்டையாக அவை தள்ளின. வெள்ளையரிசி நெடுநாள் கெடாமலிருந்தது. கண்ணுக்கு அழகாகவும் இருந்தது. உண்பது மதிப்பென்றும் கருதப்பட்டது.

அக்காலத்திலேதான் பெரிபெரி என்னும் நோய் கிழக்காசியத் துறைமுகங்களிலும், சுரங்கங்களிலும், சிறைகளிலும், படை முகாம்களிலும் பெருகியது. முதலிற் கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கும், இறுதியில் இருதயம் ஓய்ந்து மரணம் நேரும். கிருமிகளே நோய்களுக்குக் காரணம் என்னும் கொள்கை புதிதாக வெற்றிக்கொடி நாட்டியிருந்த காலமாதலின், மருத்துவர்கள் இந்நோய்க்கும் ஒரு கிருமியையே தேடி அலைந்தனர்.

அவ்வாறு தேடுவதற்காக 1886-இல் டச்சு அரசு ஜாவாத் தீவிலுள்ள பதேவியா நகரத்திற்கு (இன்றைய ஜகார்த்தா) ஒரு குழுவை அனுப்பியது. அக்குழுவோடு சென்றவர் டாக்டர் எய்க்மன். ஆராய்ச்சிக்கென அவர் வளர்த்த கோழிகளுக்குப் பெரிபெரியைப் போன்றே கால் முடக்கம் கண்டது. சில மாதங்களில் அவை தாமாகவே குணமடைந்தன. எய்க்மன் வியப்புற்று விசாரித்தார். படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு சில காலம் அக்கோழிகளுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினருக்கு உரிய சோற்றைக் கோழிக்குக் கொடுத்தல் ஆகாது என்று மறுத்துவிடவே, அவற்றுக்குத் தீட்டாத அரிசி இடப்பட்டது, நோயும் நீங்கியது. இது நிகழ்ந்தது 1889-இல். ஒரு சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ உலகிற்கு வழி திறந்தது!

கோழிக்குப் பொருந்தியது மனிதனுக்கும் பொருந்துமா? வோர்டர்மன் என்னும் அதிகாரி ஜாவாவின் நூற்றுக்கு மேற்பட்ட சிறைகளில், ஏறக்குறைய 2,80,000 கைதிகளைப் பற்றிய கணக்கைத் தொகுத்தார். தீட்டிய அரிசி உண்ட சிறைகளில் சுமார் 39 பேருக்கு ஒருவர் நோயுற்றிருந்தார். தீட்டாத அரிசி உண்ட சிறைகளில் சுமார் 10,000 பேருக்கு ஒருவரே நோயுற்றிருந்தார். அப்படியிருந்தும் எய்க்மன், அரிசியின் மாப்பொருளில் ஏதோ ஒரு நச்சு இருக்கிறதென்றும், தவிடு அதனை முறிக்கிறதென்றும் கருதினார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்ற கிரைன்ஸ் என்பார் 1901-இல் உண்மையை உணர்ந்து சொன்னார்: உணவில் நஞ்சு ஏதுமில்லை; உயிர்வாழ இன்றியமையாத ஏதோ ஒன்று அதில் இல்லாமற் போயிற்று என்பதே அவர் கண்ட முடிவு.

இனி, தமிழர் இவ்வரலாற்றினுட் புகும் இடத்திற்கு வருவோம். அந்நாளில் மலாயா நாட்டில் மூவகை மக்கள் அருகருகே உழைத்து வாழ்ந்தனர். ஈயச் சுரங்கங்களிற் சீனர். தோட்டங்களிலும் சாலைகளிலும் தமிழர். சிற்றூர்களில் மலாய் மக்கள். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே கொசு. ஆயினும் பெரிபெரி சீனரையே வாட்டியது; தமிழரை அது பெரும்பாலும் தீண்டவில்லை. மலாய் மக்களும் தம் ஊரில் இருக்கும்வரை நலமாகவே இருந்தனர். நெகிரி செம்பிலானிற் பணியாற்றிய டாக்டர் பிராடன் இவ்வேற்றுமையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1907-இல் ஒரு நூலாக வெளியிட்டார். சீனர் உண்டது சயாம் நாட்டு ஆலைகளில் தீட்டிய பச்சரிசி. மலாய் மக்கள் உண்டது தாமே விளைத்துக் குத்திய புத்தரிசி. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி! தோட்டத் தொழிலாளியாய் வறுமையில் உழன்றபோதும், தாய்நாட்டுச் சோற்றை விடாத பழக்கம் அவனைக் காத்து நின்றது.

இதனைச் சோதித்துப் பார்க்க முற்பட்டவர் டாக்டர் பிளெட்சர். கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்திலிருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சயாம் பச்சரிசியும், மற்றொரு பிரிவினர்க்கு இந்தியப் புழுங்கலரிசியும் அளித்தார். மற்ற உணவெல்லாம் இருவர்க்கும் ஒன்றே. கட்டிடத்தின் குற்றமோ என்ற ஐயம் எழாதிருக்க, இடையில் இரு பிரிவினரின் விடுதிகளையும் மாற்றிவைத்தார். பச்சரிசி உண்ட 120 பேரிற் பலர் நோயுற்றனர். அவர்களுள் 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. சம்மதம் கேட்கப்படாத, கேட்டாலும் சொல்ல இயலாத அந்த 18 பேரின் மரணத்திலிருந்தே நாம் இப்பாடத்தைக் கற்றோம் என்பதை மறத்தலாகாது. அடுத்து, டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டான்டனும் காட்டிற் சாலை அமைத்துக்கொண்டிருந்த 300 ஜாவாத் தொழிலாளரிடம் இதே சோதனையைச் செய்தனர். வெள்ளைப் பச்சரிசி உண்ட கூட்டத்தில் நோய் தோன்றியது. புழுங்கலுக்கு மாற்றியதும் அது நின்றது. 1909-இல் அவர்கள் முடிவை வெளியிட்ட பிறகு, ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று.

அவித்தலில் அப்படி என்ன மாயம் இருக்கிறது? தவிட்டிலும் முளையிலும் உள்ள உயிர்ச்சத்து நீரிற் கரையும் இயல்புடையது. நெல் ஊறும்போதும் அவியும்போதும் அச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று படிந்துவிடுகிறது. பிறகு ஆலையிலிட்டுத் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. 1912-இல் ஃபங்க் என்பவர் இத்தகைய சத்துக்களுக்கு வைட்டமின் என்று பெயர் சூட்டினார். 1926-இல் ஜாவாவிலேயே யான்சன், டோனத் என்னும் இருவர் அரிசித் தவிட்டிலிருந்து இதனைத் தனியே பிரித்தெடுத்தனர். 1936-இல் இதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர், அந்நாளைச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் 1886-இற் பிறந்தவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. தயாமின், அல்லது வைட்டமின் பி1 என்று இன்று வழங்குவது இதுவே. நம் நாட்டு உணவுச்சத்து அட்டவணைகள் நெடுங்காலம் தந்துவந்த கணக்கின்படி, 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் இச்சத்து 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலரிசியில் 0.21, கைக்குத்தற் புழுங்கலரிசியில் 0.27.

நம் முன்னோர் வைட்டமினை அறிந்தே நெல்லைப் புழுக்கினர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. புழுக்கிய நெல்லில் உமி எளிதிற் கழலும்; குத்தும்போது நொய் குறையும்; அரிசி உறுதிப்படும். இத்தகைய வசதிகளுக்காக ஏற்பட்ட வழக்கமே அவர்கள் அறியாமல் அவர்களது நரம்பையும் இருதயத்தையும் காத்தது. பழக்கம் ஒன்றைக் கைவிடும்போது, அது நமக்குச் செய்துவந்த நன்மை இன்னதென்று ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இவ்வுண்மை அந்நாளைச் சென்னை மாகாணத்திற்குள்ளேயே மற்றொருமுறை தெளிவாயிற்று. நீலகிரியில் குன்னூரிலே ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சி, பின்னர் உணவு ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. (1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய அந்நிலையமே இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாகத் திகழ்கிறது.) மெக்காரிசனுக்குப் பின் தலைமையேற்ற அய்க்ராய்டும் அவருடைய துணைவரும் இந்தியாவின் அரிசிப் பிரச்சினையைப் பற்றி 1940-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். மாகாணத்தின் வடபகுதியாகிய வடசர்க்கார் மாவட்டங்களிற் பெரிபெரி நிலைகொண்டிருந்தது. அங்கு மக்கள் ஆலையில் தீட்டிய பச்சரிசியை விரும்பி உண்டனர். புழுங்கலரிசி வழங்கிய தென் மாவட்டங்களிலோ அந்நோய் காணப்படவில்லை.

இதனைக் கேட்டு மார்தட்டிக்கொள்ள எழும் தமிழனை அமரச் செய்யும் செய்தியும் அதே குன்னூரிலிருந்துதான் வந்தது. இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை மெக்காரிசன் வெள்ளெலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். சீக்கியர் உணவு உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. சென்னை மக்களின் உணவு உண்டவையோ வரிசையின் கடைசியில் நின்றன! எலிகளைக் கொண்டு மனிதரை முழுவதும் அளந்துவிட முடியாது. ஆயினும் காரணம் விளங்கத்தக்கதே. சீக்கியர் உணவில் தவிடு நீக்காத கோதுமை, பால், தயிர், பருப்பு, காய்கனிகள் மிகுதி. நம் இலையிலோ சோற்று மலையின் அடிவாரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கரண்டிக் கறி! புழுங்கலரிசி ஒரு நோயிலிருந்து காத்தது உண்மை. அதுவே முழு உணவாகிவிடாது. நம் கூட்டும் பொரியலும் பெருகட்டும். சோறு சிறிது குறையட்டும். முழுக் கோதுமை மாவில் ரொட்டி இடும் அண்டை வீட்டார் இருப்பின், அவரிடமிருந்து நாம் கற்கத் தக்கதும் உண்டு.

சமையலறையிலும் நாம் இழப்பது மிகுதி. அரிசியைப் பலமுறை தேய்த்துக் களைந்து, நிறைய நீரிட்டு வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிட்டால், எஞ்சிய சத்தும் அந்நீரோடு போய்விடும். ஊரில் வாழ்ந்த நாளில் கழுநீரை மாடு குடித்தது. வடிகஞ்சியை உப்பிட்டு நாமே குடித்தோம். சத்து வீட்டை விட்டு அகலவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடும் இல்லை, கஞ்சி குடிப்பாரும் இல்லை. ஆதலால் இரண்டு முறை அளவாகக் களைந்து, ஈர்த்துக்கொள்ளும் அளவே நீர் வைத்து ஆக்குதல் எளிய வழியாகும்.

காலம் மாறி நோயும் மாறிவிட்டது. பெரிபெரி இன்று அருகிவிட்டது. அதன் இடத்தில் நீரிழிவு வந்து அமர்ந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் 10 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. 21 நாடுகளில் 1,30,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வெள்ளையரிசியை மிகுதியாக உண்போர்க்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு தெற்காசியாவிலேயே மிக வலுவாகக் காணப்பட்டதெனக் கூறுகிறது. நன்றாகத் தீட்டிய புழுங்கலரிசியிலும் நார்ச்சத்துக் குறைவே என்பதை இங்கு நினைவிற் கொள்க. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மூலிகை ஒன்றின் பெயரும் இல்லை. பத்துக் குறட்பாக்களில் ஆறு உணவையும் அதன் அளவையும் பற்றியவையே. வள்ளுவர் மருந்தைச் சமையலறையிலேயே தேடச் சொன்னார் போலும்!

உலக்கையை மீண்டும் கையில் எடுங்கள் என்று நம் பெண்மணிகளிடம் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆலை வந்து அவர்களுடைய தோள்வலியைத் தீர்த்தது பெரும் பேறே. ஆனால் உழைப்பைக் குறைக்க வரும் ஒவ்வொரு வசதியும் நம்மிடமிருந்து எதனை எடுத்துச் செல்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதனைக் கேட்பது கடமையும் ஆகும். வெள்ளையரிசி ஏழையின் தட்டில் விழுந்தபோது அக்கேள்வியைக் கேட்பார் இல்லை; விலையாகப் போனவை உயிர்கள்.

அடுத்த முறை அரிசி வாங்கச் செல்லும் அன்பர்கள், நிறத்தையும் விலையையும் பார்க்கும்போதே, எவ்வளவு தீட்டியது என்பதையும் ஒரு சொல் கேட்பாராக. வீட்டில் முதியோர் இருப்பின், நெல்லை ஊறவைத்து அவித்துக் களத்தில் உலர்த்திய கதையை அவர்கள் வாயாலேயே பிள்ளைகள் கேட்கட்டும். களத்தைக் கண்டறியாத அப்பிள்ளைகள், தம் தட்டிலிருக்கும் சோறு எவ்வழி வந்தது என்பதையேனும் அறிந்து உண்பார்களாக.