வார்டில் பழகிய கை: நடுவயதில் படிக்கத் திரும்பும் செவிலியரும் கல்லூரி எழுத்தும்

செவிலியர் பட்டயப் படிப்பை முடித்துப் பதினைந்து, இருபது ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு, நாற்பதை ஒட்டிய வயதில் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்பவர்கள் தமிழ்நாட்டில் கணிசமாக உண்டு. இரண்டாண்டுப் படிப்பு. பாடங்கள் இவர்களை அதிகம் மிரட்டுவதில்லை. மிரட்டுவது அசைன்மென்ட். 'விவாதித்து எழுதுக' என்று ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டால், ஒரு வார்டையே இரவு முழுக்கத் தனியாகச் சமாளித்தவர் வெள்ளைத்தாளுக்கு முன் செயலற்றுப் போகிறார். ஆசிரியர்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு: ஆங்கிலம் போதாது, படிப்பை விட்டு நாளாயிற்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றை மட்டும் வைத்து இந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இந்தச் செவிலியர்கள் எழுத்தைக் கைவிட்டவர்கள் அல்லர், ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் எழுதிவந்தவர்கள். அந்த எழுத்து அவர்கள் கையில் ஏற்றிய விதிகள் கல்லூரி எழுத்தின் விதிகளோடு மோதுகின்றன. அச்சத்தின் வேர் அந்த மோதலில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்படித் திரும்பி வர வேண்டிய நிலையே நம் செவிலியர் கல்வி இரு தடங்களாக வளர்ந்ததன் விளைவு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் தொடங்கிய பயிற்சி மருத்துவமனையைச் சார்ந்தது. வேலை செய்துகொண்டே கற்பது. பட்டப்படிப்பு 1946இல்தான் தில்லியிலும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் வந்தது. பட்டயம் ஒரு தடம், பட்டம் இன்னொரு தடம் என்றான பின் இரண்டுக்கும் நடுவே கட்டப்பட்ட பாலம்தான் போஸ்ட் பேசிக். ஆசிரியப் பணி, எம்.எஸ்சி. என எதற்குப் போவதானாலும் அந்தப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். அமெரிக்காவிலும் இதே நெருக்கடி உண்டு. 2020க்குள் செவிலியரில் 80 விழுக்காட்டினர் பட்டதாரிகளாக வேண்டும் என்று 2010இல் அங்குள்ள மருத்துவ நிறுவனம் பரிந்துரைத்தது. புதிதாகப் பதிவு செய்யும் செவிலியர் பத்தாண்டுகளுக்குள் பட்டம் பெற்றாக வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2017இல் சட்டமே இயற்றியது. விரும்பிப் படிப்பவர்களோடு வேறு வழியில்லாமல் படிப்பவர்களும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி, இவர்கள் இத்தனை ஆண்டுகளாக எழுதிவந்தது என்ன என்று பார்ப்போம். கேஸ் ஷீட்டில் செவிலியர் குறிப்புக்கென்று ஒரு பக்கம் உண்டு. இடது ஓரத்தில் தேதி, நேரம். நடுவில் குறிப்பு. வலது ஓரத்தில் கையொப்பம். மாதிரிக்கு ஒன்றை அமைத்துக் காட்டுகிறேன்: 'இரவு 2.10: ஐ.வி. ஃப்ளூயிட் ஆன் ஃப்ளோ. யூரின் அவுட்புட் குறைவு. பல்ஸ் 112, பி.பி. 100/70, ஆர்.ஆர். 28. டியூட்டி டாக்டர் இன்ஃபார்ம்ட். 2.30: ப்ராப்ட்-அப் பொசிஷன் கிவன்.' விடிந்ததும், எல்லாம் சரியாக இருந்தால், 'நோ ஃப்ரெஷ் கம்ப்ளெய்ன்ட்ஸ்'. இந்த ஆங்கிலத்தில் எழுவாய் இல்லை. 'ஏனென்றால்' இல்லை, 'ஆனாலும்' இல்லை, 'எனவே' இல்லை. ஒரு வரியை அடுத்த வரியோடு இணைக்கும் வேலையை இடது ஓரத்து நேரமே செய்துவிடுகிறது. இருபது ஆண்டுகள் இப்படி எழுதியவர் கட்டுரை எழுதும்போது பத்திகள் கால வரிசையிலோ பட்டியல் வரிசையிலோதான் வந்து நிற்கும். 'முதலில் இதைச் செய்ய வேண்டும், பிறகு இதை' என்று போகும். எதற்காக என்பது வராது. தாளைத் திருத்துபவர் ஓரத்தில் 'இணைப்பு இல்லை' என்று எழுதிவைக்கிறார். இலக்கணப் பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துக் கொடுப்பதால் இந்தக் குறை தீராது.

இரண்டாவது விதி, அடித்தல் பற்றியது. கேஸ் ஷீட் ஒரு சட்ட ஆவணம். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். முதல் முறை எழுதுவதுதான் கடைசி முறையும். வரைவு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கல்லூரி எழுத்தோ வரைவிலேயே உயிர் வாழ்வது. மூன்றாம் முறை எழுதும்போதுதான் தான் சொல்ல வந்தது என்னவென்றே பலருக்குத் தெரியவரும். முதல் வாக்கியத்தையே பிழையின்றி எழுதிவிட வேண்டும் என்று உட்காருபவர் அந்த முதல் வாக்கியத்தைத் தாண்டுவதில்லை. இதைச் சோம்பல் என்று எண்ணும் ஆசிரியர்கள் உண்டு.

மூன்றாவது விதிதான் எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. மருந்துச் சீட்டில் உள்ள பெயரையும் அளவையும் மருந்து அட்டவணைக்கு மாற்றும்போது ஒரு புள்ளிகூட நகரக் கூடாது. 0.5 என்பது 5 ஆகிவிட்டால் உயிர் போகலாம். சொந்தச் சொற்களில் எழுதுவது அங்கே ஆபத்து. அப்படியே பெயர்த்தெழுதுவதுதான் பாதுகாப்பு. அப்படிப் பழகிய ஒருவரிடம், பாடநூலிலிருந்து அப்படியே பெயர்த்தெழுதினால் அது திருட்டு என்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகள் ஆய்வேடுகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் 10 விழுக்காட்டுக்கு மேல் ஒற்றுமை இருந்தால் நடவடிக்கைக்கு வழி செய்கின்றன. விதிமுறை சரியானதே. ஆனால் பெயர்த்தெழுதும் பழக்கத்துக்கும் ஏமாற்றும் நோக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சதவீதம் காட்டும் மென்பொருள் அறியாது. மேற்கோள் காட்டுவதை இவர்களுக்குக் கற்பிக்கும்போது, 'இது யார் போட்ட ஆர்டர், எப்போது போட்டது, யார் கையெழுத்து' என்று கேஸ் ஷீட்டில் அவர்கள் அன்றாடம் பதியும் வழக்கத்திலிருந்து தொடங்கலாம். ஆதாரத்தைப் பெயரோடும் தேதியோடும் பதிவது அவர்களுக்குப் புதிதல்ல. புதியது, ஆர்டரைத் தன் சொற்களில் மாற்றிச் சொல்லவும் அதோடு உடன்படாமல் இருக்கவும் கிடைக்கும் உரிமை.

உடன்படாமை என்றதும் வார்டின் இன்னொரு மொழி நினைவுக்கு வருகிறது. டியூட்டி முடிந்து ஓவர் கொடுக்கும்போது, அதாவது அடுத்த ஷிஃப்ட்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும்போது, செவிலியர் பேசுவது கேஸ் ஷீட் ஆங்கிலமல்ல. மேற்காட்டிய அதே நோயாளியைப் பற்றி அவர் இப்படிச் சொல்லக்கூடும்: 'பதினாலாம் பெட் பாட்டியக் கொஞ்சம் பாத்துக்கோங்க சிஸ்டர். யூரின் கம்மியா இருக்குன்னு ஃப்ளூயிட் ஏத்தச் சொல்லிருக்காங்க. ஆனா கால் வீங்கியிருக்கு, படுத்தா மூச்சு வாங்குது. இன்னும் ஏத்தினா தாங்குமான்னு தெரியல. ரவுண்ட்ஸ் வந்ததும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க.'

இந்தப் பேச்சில் பிறர் எடுத்த முடிவு இருக்கிறது. அதற்கான காரணமும் இருக்கிறது. அதற்கு எதிரான சான்றுகள் இரண்டு வருகின்றன. அவற்றிலிருந்து எட்டிய ஊகம் வருகிறது. அது ஊகம்தான் என்ற எச்சரிக்கையும் 'தெரியல' என்ற சொல்லில் வந்துவிடுகிறது. கடைசியில், சரிபார்க்க வேண்டியவர் யார் என்றும் சொல்லியாகிறது. கல்விசார் எழுத்து கேட்பது இதைத்தான். எழுதத் தெரியாது என்று அஞ்சுபவர் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் நின்றபடியே ஒரு வாதத்தைக் கட்டி எழுப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறார். அது காகிதத்துக்கு வரும்போது மட்டும் 'டியூட்டி டாக்டர் இன்ஃபார்ம்ட்' என்ற மூன்றே சொற்களாகச் சுருங்கிவிடுகிறது. நோயைக் கணிப்பது செவிலியர் வேலையல்ல என்ற படிநிலையும், நாளை வழக்கு வந்தால் என்ன ஆகும் என்ற பயமும் சேர்ந்து சுருக்குகின்றன.

மாணவர் எழுத்தைப் பற்றிய ஆய்வுகள் இதற்குப் பக்கத்தில் வந்திருக்கின்றன. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் எல்லோருக்கும் கதவைத் திறந்தபோது வந்த மாணவர்களின் ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைப் படித்து மினா ஷாக்னசி 1977இல் வெளியிட்ட நூல், பிழைகளுக்குள்ளும் ஒரு தர்க்கம் இருப்பதைக் காட்டியது. மேரி லீயும் பிரையன் ஸ்ட்ரீட்டும் 1998இல், மாணவரின் எழுத்துச் சிக்கலைத் திறன் குறைபாடாக மட்டும் பார்ப்பதை மறுத்து, எது அறிவு, யாருக்குச் சொல்லும் உரிமை என்ற கேள்விகளை அதற்குள் கொண்டுவந்தார்கள். இவர்களோடு பட்ரீசியா பென்னரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1984இல் வந்த அவருடைய நூல், செவிலியர் தொடக்கநிலையிலிருந்து வல்லுநர் நிலைக்குப் போவதை ஐந்து படிகளாக விளக்குகிறது. வல்லுநரானவர் விதிகளை எண்ணிப்பார்த்துச் செயல்படுவதில்லை, நிலைமையை மொத்தமாகக் கண்டுகொள்கிறார் என்கிறார் பென்னர். அப்படியானால், எப்படிக் கண்டுகொண்டீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுபவரும் அந்த வல்லுநர்தான். இருபது வயது மாணவி பாடநூலின் படிகளை வரிசையாக எழுதிவிடுவாள், அவளிடம் இருப்பது அவைதான். நாற்பது வயதுக்காரரிடம் இருப்பதோ பாட்டியின் மூச்சைப் பார்த்ததுமே எழுந்த ஐயம். அதைச் சான்றுகளாகப் பிரித்து அடுக்குவது கடினமான வேலை. அனுபவம் கூடக்கூட எழுத்து எளிதாகும் என்ற நம்பிக்கை இங்கே பொய்க்கிறது.

பாடத்திட்டத்துக்குள்ளேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது: பராமரிப்புத் திட்டம், அதாவது கேர் பிளான். செவிலியக் கணிப்பை எழுதும் வாய்பாடு மூன்று உறுப்புகளைக் கேட்கிறது: சிக்கல் என்ன, எதனால், எந்த அறிகுறிகளிலிருந்து அப்படிச் சொல்கிறீர்கள். பதினாலாம் பெட் பாட்டிக்கு இதைப் போட்டால், 'உடலில் நீர் மிகுதல். இதயமோ சிறுநீரகமோ நீரை வெளியேற்ற முடியாததால். கால் வீக்கமும் மூச்சு 28 ஆனதும் இன்டேக் அவுட்புட் சார்ட்டின் கணக்கும் சான்று' என்று வரும். கருத்து, காரணம், ஆதாரம் மூன்றும் ஒரே குறிப்பில். ஒரு பத்தியின் எலும்புக்கூடு இதுதான் என்று மாணவருக்குக் காட்ட வேண்டும். ஆனால் நடப்பில் கேர் பிளான் கைடு புத்தகத்திலிருந்து பெயர்த்தெழுதும் சடங்காகிவிட்டது. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் பழைய நோட்டுகளே நகலாகக் கிடைக்கும்போது, புதிதாக யோசிக்கச் சொல்பவரை மாணவர்கள் கொஞ்சம் விநோதமாகத்தான் பார்ப்பார்கள்.

என் பரிந்துரை, ஓவரிலிருந்து தொடங்குவது. நோயாளியின் அடையாளங்கள் எவையும் இல்லாமல், ஓவர் கொடுப்பதுபோல் தமிழில் பேசிச் செல்பேசியில் பதிவுசெய்யட்டும். அதைத் தமிழிலேயே எழுதட்டும். 'ஆனா', 'அதனால', 'இருந்தாலும்' வரும் இடங்களை அடிக்கோடிட்டு, அந்த இணைப்புகள் விடுபடாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகட்டும். ஊகம் வந்த இடத்தில், இதை வேறு யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடட்டும். நூலக வேலைக்கு அப்போதுதான் ஒரு தேவை பிறக்கும். தமிழில் எழுதவிட்டால் ஆங்கிலம் எப்போது வரும் என்று கேட்பார்கள். தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் இவர்களிடம் இருக்கும் ஆங்கிலம் வாதிடவே கற்பிக்கப்படாத ஆங்கிலம். அதில் நேரடியாக வாதத்தைத் தொடங்கச் சொன்னால் 'நோ ஃப்ரெஷ் கம்ப்ளெய்ன்ட்ஸ்' என்பதற்கு மேல் போவது கடினம்.

கையால் செய்யும் தொழிலுக்குக் கட்டுரை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. செவிலியர்களிலேயே பலர் கேட்கிறார்கள். விளக்கேந்திய படத்தோடு நாம் நிறுத்திக்கொண்ட ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் உறுப்பினரான முதல் பெண் என்பதையும் நம் வகுப்பறைகள் சேர்த்துச் சொல்லலாம். ஓவரில் சொன்னது அடுத்த ஓவரோடு காற்றில் போய்விடும். ஒரு வார்டு வழிமுறை மாற வேண்டுமானால் யாராவது காரணத்தோடும் ஆதாரத்தோடும் எழுதியாக வேண்டும். செவிலியர் எழுதாவிட்டால் பாட்டியின் மூச்சை அருகிலிருந்து பார்க்காத ஒருவர் எழுதுவார்.

சூழலையும் சொல்ல வேண்டும். போஸ்ட் பேசிக் வகுப்பில் மாணவரைவிட ஆசிரியர் பத்து வயது இளையவராக இருப்பது சாதாரணம். சீனியாரிட்டியே சட்டமாக இருக்கும் வார்டிலிருந்து வந்தவர், தன் ஜூனியரின் வயதில் இருப்பவரை 'மேடம்' என்று அழைத்து அரைகுறை வரைவை நீட்டுவதற்குக் கூசுகிறார். ஆசிரியரும் சங்கடப்பட்டு, முடித்த தாளை மட்டும் வாங்கி மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறார். வரைவைக் காட்டுவது தனிப்பட்ட துணிச்சலைச் சார்ந்திருக்கும்வரை இது மாறாது. வரைவுக்கே மதிப்பெண் இருந்தால் கூச்சப்பட இடமிராது: முதல் வரைவுக்குக் கொஞ்சம், கருத்துக் கேட்டுத் திருத்தியதற்குக் கொஞ்சம், இறுதித் தாளுக்கு மீதி. பல்கலைக்கழகத் தேர்வின் 'பட்டியலிடுக', 'வரையறுக்க' கேள்விகளை ஒரு கல்லூரி மாற்றிவிட முடியாது. அக மதிப்பீடு கல்லூரியின் கையில் இருக்கிறது. பாடத்திட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் அடுத்த அசைன்மென்டிலிருந்தே இதைத் தொடங்கலாம்.